‘ரெண்டு சிஸ்டத்துலயும் இருந்துச்சே, எப்படி சார் போச்சு?’ – வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர், வீட்டில் ஒரு லேப்டாப், நடுவில் காணாமல் போன ஃபைல். நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன். கடைப் பெயர்களை எடுத்துவிட்டேன். கடைக்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம், பெயர்கள் என் டைரியில் இருக்கின்றன.

கே: கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணக்கு எழுதும் ஆபீஸ், வீடு லாஸ்பேட்டையில். இரண்டு இடத்திலும் கூகுள் டிரைவ் போட்டு, டேலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டா முழுவதையும் சிங்க் செய்து (இரண்டிலும் தானாக ஒரே மாதிரி இருக்கும்படி) வைத்திருந்தேன். லேப்டாப்பில் இடம் இல்லை என்று என் பையன் ‘10007’ என்று பெயர் போட்ட ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டான். காலையில் ஆபீஸ் போனால் அங்கேயும் இல்லை. கூகுள் மேல் கேஸ் போடலாமா?

ப: போடலாம், தோற்பீர்கள். இரண்டு இடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லி வைத்தீர்கள். வீட்டில் அழிந்ததை டிரைவ் ஆபீஸிலும் அழித்தது. சொன்ன வேலையைச் சரியாகச் செய்த வேலைக்காரனை எந்தக் கோர்ட்டும் தண்டிக்காது.

இவர் கடிதம் என் கைக்கு வந்தபோது ஃபோல்டர் அழிந்து 18 நாள் ஆகியிருந்தது. பத்தி வெளியாகும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே போன் செய்தேன். பிரவுசரில் டிரைவைத் திறந்து குப்பைத்தொட்டியைப் பாருங்கள், அழித்தது 30 நாள் அங்கே கிடக்கும் என்றேன். போனைக் கீழே வைக்காமலே தேடினார். “இருக்கு சார், இருக்கு” என்று அவர் சொன்னது அடுத்த அறையில் இருந்த என் மனைவிக்கும் கேட்டது. இன்னும் பன்னிரண்டு நாள் கழித்து எழுதியிருந்தால் ஒரு பார்ட்டியின் முழு ஜிஎஸ்டி கணக்கை மறுபடி பில்லிலிருந்து அடித்திருக்க வேண்டும்.

பையனைத் திட்டாதீர்கள். டேலி ஒவ்வொரு கம்பெனியின் டேட்டாவையும் வெறும் எண் பெயரில்தான் வைக்கிறது. 10007 என்றால் யாருக்குத் தெரியும், அது ஒரு அரிசி மண்டியின் வரவு செலவு என்று?

இனி டேலி டேட்டாவை சிங்க் ஃபோல்டரிலேயே வைக்காதீர்கள். டேலி திறந்திருக்கும்போது ஃபைல்கள் நொடிக்கு நொடி மாறும். சிங்க் பாதியில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும், மறுபக்கம் ஒட்டுப்போட்ட டேட்டாதான் போய்ச் சேரும். டேட்டா ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கட்டும். வீட்டிலிருந்து நெட் வழியாக அந்தக் கம்ப்யூட்டருக்குள் ரிமோட்டில் நுழைந்து வேலை பாருங்கள். சாயங்காலம் டேலி பிரைமில் ஆல்ட்-ஒய் அழுத்தினால் பேக்கப் என்று வரும். அன்றைய தேதி போட்ட ஃபோல்டரில் எடுங்கள். அந்தப் பேக்கப்பை வேண்டுமானால் டிரைவில் ஏற்றுங்கள், அது உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். லெட்டர், எக்செல் போன்றவற்றுக்கு சிங்க் தாராளமாகப் போதும்.

கே: 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். 931 ஜிபிதான் காட்டுகிறது. 69 ஜிபியைக் கடைக்காரர் அமுக்கிவிட்டாரா? – நெல்லிக்குப்பம் வாசகர்

ப: இல்லை. கம்பெனி லட்சம் கோடி பைட்டை 1 டிபி என்கிறது, விண்டோஸ் அதையே 1024-ஆல் வகுத்து வகுத்து 931 என்கிறது. படியில் அளந்ததை மரக்காலில் அளந்திருக்கிறீர்கள், அரிசி குறையவில்லை.

கே: ஆன்லைனில் 2 டிபி பென்டிரைவ் 599 ரூபாய்க்கு வாங்கினேன். வில்லியனூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மூன்று கல்யாண ஆல்பத்தை அதில் ஏற்றிவிட்டு, ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் அழித்துவிட்டேன். இப்போது ஃபைல் பெயர் எல்லாம் தெரிகிறது, ஒன்றும் திறக்கவில்லை. விற்றவர் ‘வைரஸ் இருக்கும்’ என்கிறார்.

ப: வைரஸ் இல்லை அம்மா, திருட்டு. உள்ளே இருப்பது 32 ஜிபியோ 64 ஜிபியோ உள்ள சிப். ‘நான் 2 டிபி’ என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி அதன் கன்ட்ரோலரை மாற்றியிருக்கிறார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகு வருவதை அது பழையதின் மேலேயே எழுதும், அல்லது சும்மா விட்டுவிடும். ஃபைல் பட்டியல் முன்பகுதியில் இருப்பதால் பெயர் மட்டும் பத்திரமாகத் தெரியும். உள்ளே படம் இருக்காது.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. 599 ரூபாய்க்கு 2 டிபி கிடைக்காது என்பது எனக்குத் தெரியும், இந்தத் தொழிலில் கிடக்கிறேன். உங்கள் தொழில் வெளிச்சம் பார்ப்பது. ‘2 டிபி’ என்று அச்சடித்து விற்றவன்தான் குற்றவாளி.

முதலில் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் இனி ஒரு படம்கூட ஏற்றாதீர்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் அழித்தவற்றை மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. சுழலாத புது வகை, எஸ்எஸ்டி என்றால் அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும், நம்பிக்கை குறைவு. கேமரா கார்டுகளையும் எடுத்துத் தனியே வையுங்கள், அதன் மேல் வேறு படம் எடுக்காமல் இருந்தால் அதிலும் பார்க்கலாம்.

அடுத்து ஆதாரம். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஓர் இலவச புரோகிராம் உண்டு. பென்டிரைவை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்து, உண்மையில் எவ்வளவு தாங்குகிறது என்று சொல்லும். மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். அந்தத் திரையைப் படம் எடுத்து விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை கொடுக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், ஆன்லைன் விற்பனைக்கான 2020-ஆம் ஆண்டு விதி அது. மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன். அதற்கும் மசியவில்லை என்றால் புதுச்சேரி நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 599 ரூபாய்க்கு யார் அலைவார்கள் என்பதுதான் அவர்களுடைய மூலதனம்.

கே: வாழ்நாள் முழுக்க 2 டிபி கிளவுட் (நெட் வழியாக ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஃபைல் வைக்கும் இடம்), ஒருமுறை கட்டினால் போதும் என்று விளம்பரம். வாங்கலாமா?

ப: வாழ்நாள் உங்களுடையது அல்ல, அந்தக் கம்பெனியுடையது.

கே: புது லேப்டாப். ‘எல்லாம் ஆட்டோமேட்டிக்கா பேக்கப் ஆயிடும் சார்’ என்று கடையில் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது ஊருக்குப் போய் நெட் இல்லாத இடத்தில் திறந்தால் டெஸ்க்டாப்பில் உள்ள பாதி ஃபைல் திறக்கவில்லை. ‘ஒன்டிரைவ் நிரம்பிவிட்டது, பணம் கட்டு’ என்று வேறு கேட்கிறது. – அரியாங்குப்பம் ஆசிரியர்

ப: வாருங்கள் ஐயா, உங்களுக்காகத்தான் காத்திருந்தேன்.

இந்த நாட்டில் ‘பேக்கப்’ என்ற சொல்லை விற்கிற மாதிரி வேறு எந்தச் சொல்லையும் விற்பதில்லை. விண்டோஸ் உங்கள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களை மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடான ஒன்டிரைவுக்குள் நகர்த்திவிட்டு அதற்கு ‘பேக்கப்’ என்று பெயர் வைத்திருக்கிறது. இலவசமாகத் தருவது 5 ஜிபி. ஒரு வாத்தியாரின் இரண்டு வருஷத்துக் கேள்வித்தாளும் பள்ளி ஆண்டு விழா வீடியோவும் சேர்ந்தால் அது நிரம்பிவிடும். இடத்தை மிச்சப்படுத்த சில ஃபைல்களின் பெயரை மட்டும் லேப்டாப்பில் விட்டுவிட்டு, சரக்கை மேலே வைத்துக்கொள்கிறது. மேகப் படம் போட்ட ஃபைல்களைப் பாருங்கள், நெட் இல்லாமல் திறக்காதவை அவைதான். முக்கியமானதின் மேல் வலது கிளிக் செய்து ‘எப்போதும் இந்தக் கருவியில் வை’ என்று கொடுங்கள், இறங்கிவிடும்.

சிங்க் என்பது கண்ணாடி. நீங்கள் தலை சீவினால் அதுவும் சீவும், மொட்டை அடித்தால் அதுவும் மொட்டை. பேக்கப் என்பது போன வருஷம் எடுத்த போட்டோ. நேற்றைய ஃபைல் வேண்டும் என்றால், நேற்று எடுத்து இன்றைக்குக் கைபடாமல் வைத்த ஒன்று வேண்டும். கடையில் நிற்கிற தம்பிக்கு இந்த வித்தியாசம் சொல்லிக் கொடுக்கப்படவில்லை, அவனுக்கு அன்றைக்கு எத்தனை பெட்டி போச்சு என்பதுதான் கணக்கு.

நான் மட்டும் யோக்கியமா? சில வருஷம் முன்பு இரண்டு டிஸ்க் போட்ட ஒரு பெட்டியை வாங்கினேன். ஒன்றில் எழுதினால் இன்னொன்றிலும் தானாக எழுதும், ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும் என்றார்கள். சொன்னது உண்மைதான். விலை இருபதாயிரத்தைத் தாண்டியது, வீட்டில் பதினான்காயிரம் என்று சொன்னேன். மூன்றாம் மாதம் தூக்கக் கலக்கத்தில் ஒரு ஃபோல்டரை நானே அழித்தேன். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில், மிகுந்த ஒற்றுமையோடு அழிந்தது. பத்து வருஷத்துக் கட்டுரைகள். டிஸ்க் சாவதற்குத்தான் அந்தப் பெட்டி மருந்து, என் விரலுக்கு இல்லை. இப்போது மேலே துளசிச் செடி வைத்திருக்கிறோம்.

பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய ஒரு கணக்கு உண்டு: 3-2-1. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். உங்களுக்கு லேப்டாப் ஒன்று, வாரம் ஒருநாள் மட்டும் செருகி எடுக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்று, கிளவுட் ஒன்று. செருகியே வைக்காதீர்கள். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் வந்தபோது பூட்டுப் போட்டது கம்ப்யூட்டருக்கு மட்டுமல்ல, அதில் செருகியிருந்த டிஸ்க்குக்கும் சேர்த்துத்தான்.

கே: எக்ஸ்டர்னல் டிஸ்க் கீழே விழுந்து கடகட என்று சத்தம் வருகிறது. பில் இல்லை, ‘பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்’ என்றதால் வாங்கவில்லை. வாரண்டியில் டேட்டாவை எடுத்துத் தருவார்களா?

ப: மாட்டார்கள். வாரண்டி டிஸ்க்குக்கு, டேட்டாவுக்கு இல்லை. கீழே போட்டது நீங்கள், வாரண்டி அதற்கும் இல்லை. பில் தராதது கடைக்காரர் குற்றம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம் என்றே எழுதியிருக்கிறது. ஆனால் வேண்டாம் என்றது நீங்கள். சத்தம் வரும் டிஸ்க்கைத் திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் உள்ளே சுரண்டும். இதே வாசகர் போன வருஷம் பில் இல்லாத மிக்ஸி பற்றியும் எழுதியிருந்தார்.

கே: லேப்டாப் கீபோர்டு மாற்றக் கொடுத்தேன். கேட்காமலே ஃபார்மேட் செய்துவிட்டார்கள். ரசீதின் பின்னால் ‘டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருக்கிறதாம். – முத்தியால்பேட்டை

ப: கீபோர்டுக்கு எதற்கு ஃபார்மேட்? தலைவலிக்குப் போனவருக்குக் குடல்வால் எடுத்த கதை. பின்பக்கத்து ஒற்றை வரி எல்லாவற்றையும் கழுவி விட்டுவிடாது, அஜாக்கிரதையும் சேவைக் குறைபாடுதான். என்ன வேலைக்குக் கொடுத்தீர்கள் என்று ரசீதின் முன்பக்கத்தில் இருக்கும், அதைப் பத்திரப்படுத்துங்கள். எழுத்தில் புகார் கொடுங்கள், 15 நாள் அவகாசம் வையுங்கள், பிறகு ஆணையம். நிச்சயம் போங்கள்.

கே: திருப்பாதிரிப்புலியூரில் டிடிபி கடை. இரண்டு சிஸ்டம். ‘ஃபைனல்’, ‘ஃபைனல்2’, ‘ஃபைனல் கரெக்ஷன்’ என்று குழம்பி, பெண் பெயர் தப்பான கல்யாணப் பத்திரிகையை 500 அச்சடித்துவிட்டோம். ஒரு சிஸ்டத்தில் செய்த பேஜ்மேக்கர் ஃபைலை இன்னொன்றில் திறந்தால் படம் வருவதில்லை.

ப: பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள், படத்தை உள்ளே வைப்பதைவிட, படம் இருக்கும் பாதையைக் குறித்து வைப்பதே அதிகம். ஒன்றில் டி டிரைவ், இன்னொன்றில் ஈ டிரைவ் என்றால் தேடிக்கொண்டு நிற்கும். இரண்டிலும் ஒரே டிரைவ் எழுத்து, ஒரே ஃபோல்டர் பெயர் வையுங்கள். பார்ட்டிக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள்ளேயே படம், அதற்குள்ளேயே அந்தத் தமிழ் எழுத்துரு. சிங்த்திங் என்ற இலவச மென்பொருள் நெட் இல்லாமலே, கடைக்குள் ஓடும் ஒயரிலேயே இரண்டையும் சேர்த்து வைக்கும். அதில் பழைய பிரதிகளை வைத்துக்கொள்ளும் வசதியை மறக்காமல் போடுங்கள். ஒரு பத்திரிகையை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க வேண்டும், அதற்கு மென்பொருள் வேண்டாம், “நான் எடுத்திருக்கேன்” என்று குரல் கொடுத்தால் போதும். ‘ஃபைனல்’ என்ற சொல்லைத் தடை செய்யுங்கள், தேதி போடுங்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அதன் சிடியையும் எழுத்துருக்களையும்கூடப் பேக்கப் எடுங்கள், நாளைக்குக் கடையில் கேட்டால் கிடைக்காது.

பெண் வீட்டார் என்ன சொன்னார்கள் என்று எழுதவில்லையே?

கே: ஜிமெயில் நிரம்பிவிட்டது, மெயில் வருவதில்லை. பணம் கட்டவா?

ப: 15 ஜிபி என்பது மெயிலுக்கு மட்டுமல்ல, போட்டோ, டிரைவ் எல்லாம் சேர்த்து. முதலில் ‘குட் மார்னிங்’ வீடியோக்களை அழியுங்கள்.

கே: கடலூர் முதுநகரில் மீன் ஏற்றுமதி ஆபீஸ். புயல் வந்தால் பேக்கப் டிஸ்க்கை எங்கே வைப்பது? பீரோ போதுமா?

ப: 2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ புயல் கரையேறியபோது என் டிஸ்க்கும் கம்ப்யூட்டரும் ஒரே மேஜையில் அரை அடி இடைவெளியில் இருந்தன. ஓடு பறந்தது, இரண்டும் சேர்ந்தே நனைந்தன. திருந்தி, டிஸ்க்கைப் பீரோவின் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, கீழ்த்தட்டு வரை தண்ணீர். அடுத்த சில நாளில் சாத்தனூர் அணையைத் திறந்துவிட, உங்கள் பக்கம் தென்பெண்ணை என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். ஆகவே பீரோ போதாது, மாடியும் போதாது, நம் கடற்கரையே போதாது. பாண்டிச்சேரியில் ஒன்று, கடலூரில் ஒன்று வைப்பது ஒரே புயலுக்கு இரண்டு இலை போடுவது.

என்னுடையது இப்போது திருச்சியில் அக்கா வீட்டில். இரண்டு டிஸ்க், பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் போகும்போது மாற்றிக்கொள்வேன். கொண்டு வந்ததும் பத்து ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு மேலே தேதி ஒட்டுவேன். திறக்காத பேக்கப்பை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. நடுவில் உள்ள மாதங்களுக்குக் கிளவுட். உப்புக்காற்றுக்கு ஜிப் பையும் சிலிக்கா பொட்டலமும் போதும். அக்கா அதைப் பட்டுப்புடவைக்கு நடுவில் வைத்திருக்கிறாள். போன தடவை பையைப் பிரித்தபோது சிலிக்காவோடு நான்கு நாப்தலின் உருண்டையும் விழுந்தன.