உளைவா, கடுப்பா, எரிவா?

அன்புள்ள அக்கா,

அக்கி வந்து மாறின பிறகும் விலாவில் நின்ற எரிவைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். அதை வாசித்த துணிவில் இதை எழுதுகிறேன். எனக்கு 44 வயது. களுவாஞ்சிகுடிப் பக்கம். வீட்டில் தையல் மெஷின் வைத்து உழைக்கிறேன். ஏழு வருடமாக இடுப்பு நோவு. இடது காலிலும் நோவு, பெருவிரல் வரைக்கும். எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ எல்லாம் எடுத்தாயிற்று. "பெரிதாக ஒன்றுமில்லை, வயதுக்கேற்ற தேய்வு" என்றார்கள். பாமசியில் வாங்கும் டைக்ளோபெனாக் என்ற நோக்குளிசையில்தான் நாள் ஓடுகிறது. கடைசியாக வலிக்கென்று இருக்கும் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த டொக்டர் இரவில் போடச் சொல்லி ஒரு சின்னக் குளிசை எழுதினார். மருமகன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "மாமி, இது மனவருத்தத்துக்குக் கொடுக்கிற குளிசை" என்றான். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. என்னைப் பைத்தியம் என்றா நினைத்தார்? மூன்று நாளில் நிறுத்திவிட்டேன். "ஸ்கானிலே ஒன்றும் இல்லையாமே" என்று வீட்டிலும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். திரும்ப அந்தக் கிளினிக்குக்குப் போகத்தான் வேண்டுமா? மெஷினை விற்றுவிடலாமா என்றும் யோசிக்கிறேன். மருந்துத் துண்டைப் படம் எடுத்து இத்தோடு அனுப்புகிறேன். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

திரும்பப் போங்கள். கட்டாயம் போங்கள். ஏன் என்று கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் குளிசை. நீங்கள் அனுப்பிய துண்டில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் என்று இருக்கிறது. எனக்கும் இதையேதான் தந்தார்கள். மருமகன் சொன்னது பொய்யில்லை. 1960களின் தொடக்கத்தில் அது மனச்சோர்வுக்கான மருந்தாகத்தான் வந்தது. ஆனால் மனச்சோர்வுக்கு வழமையாகக் கொடுப்பது 75, 100, 150 மில்லிகிராம். உங்களுக்கு எழுதியது 10. அந்தச் சின்ன அளவில் அதை எழுதுவது நரம்பு வலிக்கு. மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியே இறங்கி, மேலே ஏறி வருகிற வலிச் செய்தியை அமர்த்துகிற நரம்புப் பாதைகள் எல்லோருக்கும் உண்டு. நெடுநாள் வலியில் அந்தத் தடுப்பு தளர்ந்துபோகலாம். அதற்குக் கைகொடுப்பதுதான் இந்தக் குளிசையின் வேலை. சீனி வருத்தத்தில் கால் எரிகிறவர்களுக்கும் இதை எழுதுகிறார்கள்.

மூன்று நாளில் அதன் பலன் தெரியாது. முதல் நாட்களில் தெரிவதெல்லாம் வாய் காய்வதும் நித்திரை மயக்கமும்தான். எனக்கு மூன்றாம் கிழமையில்தான் ஒரு வித்தியாசம் தெரிந்தது. எல்லோருக்கும் அது வேலை செய்யும் என்றும் இல்லை. செய்யாவிட்டால் வேறு மருந்துகள் இருக்கின்றன. நீங்களாகத் திரும்பத் தொடங்க வேண்டாம். இருதய வருத்தமோ கண்ணில் அழுத்தமோ இருந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

இந்த விசயத்தை அவர் உங்களுக்கு இரண்டு வசனத்தில் சொல்லியிருக்க வேண்டும். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் சொல்லியிருக்க வேண்டும். ஏழு வருடம் நம்பப்படாத ஒருத்தியின் கையில், பெயரைத் தேடினால் மனநோய் என்று வருகிற மருந்தை விளக்கம் இல்லாமல் கொடுப்பது சின்னத் தவறு இல்லை. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில் மருந்தையும் கிளினிக்கையும் சேர்த்து விட்டுவிட்டால் நட்டம் உங்களுக்குத்தான்.

ஸ்கான் விசயத்துக்கு வருகிறேன். 1994இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. முதுகு நோவே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 வீதத்தினருக்கு முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கிற தட்டு ஓரிடத்திலாவது புடைத்திருந்தது. படத்தில் புடைப்பு இருக்கிறது, ஆளுக்கு நோவு இல்லை. அப்படியென்றால் மறுபக்கமும் நடக்கும்: படம் சுத்தமாக இருக்கும், ஆள் படுத்த படுக்கையாக இருப்பார். ஒரே செய்தியை வருடக்கணக்காகக் கடத்தும் நரம்பும் முதுகுத்தண்டும் கூருணர்வு கொண்டுவிடுகின்றன. எனக்கு அக்கிக் கொப்புளம் காய்ந்து உதிர்ந்து நாலு மாதத்துக்குப் பிறகும் சட்டைத் துணி பட்டாலே தணல் வைத்த மாதிரி இருந்தது. தோலைப் பார்த்தால் ஒன்றும் இல்லை. வலியை ஆராய்கிறவர்களின் உலகச் சங்கம் 2020இல் வலிக்கான வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு நோகிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று குறிப்பாகவே எழுதி வைத்தது. வீட்டாருக்கு இதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

இன்னொன்றும் அவர்களிடம் கேளுங்கள். எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் சண்டையில் கால் போனவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள். இல்லாத காலின் பாதம் கடுக்கிறது, விரல் மடங்கி இழுக்கிறது என்று இரவில் எழும்பி இருப்பார்கள். அவர்களை நடிக்கிறார்கள் என்று யாராவது சொல்லி நான் கேட்டதில்லை. தமிழரான நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு கண்ணாடியை வைத்து, இருக்கிற கையின் விம்பத்தைக் காட்டி, இல்லாத கையின் இறுக்கத்தைச் சிலருக்குத் தளர்த்திக் காட்டினார். இல்லாத காலில் வலி வருவதை நம்புகிறோம். இருக்கிற காலில் நோகிறது என்று ஒரு பெண் சொன்னால் மட்டும் ஸ்கானைக் கொண்டு வா என்கிறோம். எனக்கு இது பொறுக்க முடியாத அநியாயம். (ஷெல் குண்டின் துண்டு உடம்பில் இருக்கிறவர்கள் இதை வாசித்தால்: எம்.ஆர்.ஐ எடுக்க முன் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மெஷின் ஒரு பெரிய காந்தம்.)

இனி, போய் என்ன சொல்வது? நான் கிளினிக் வாங்கில் இருந்த ஒரு நாள், மண்டூரிலிருந்து வாவியைக் கடக்கிற பாதைப் படகில் ஏறிக் குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்த ஓர் அம்மா எனக்கு முன்னால் உள்ளே போனா. கதவு திறந்துதான் இருந்தது. "இடுப்பிலே உளைவு மனே, தொடையிலே கடுப்பு, காலுக்குக் கீழே எரிவும் விறைப்பும், இடைக்கிடை மின்சாரம் மாதிரி சுள்ளென்று இறங்குது" என்று அழகாகச் சொன்னா. டொக்டர் சிங்களவர், பொறுமையான பொடியன். பக்கத்தில் நின்றவர் மொழிபெயர்த்தார்: "றிதெனவா." நோகுதாம். அவ்வளவுதான். அந்த அம்மா நாலு வகை நோவைச் சொன்னா, டொக்டருக்குப் போனது ஒன்று.

உளைவும் கடுப்பும் பெரும்பாலும் தசையையும் மூட்டையும் காட்டும். எரிவு, விறைப்பு, சுள்ளென்ற தெறிப்பு நரம்பைக் காட்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. சிங்களத்தில் சொல் இல்லாமலும் இல்லை: உளைவைக் கெக்கும என்பார்கள், எரிகிறதற்குத் தனவா, விறைக்கிறதற்கு ஹிரி வெட்டெனவா. கனடாவில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் நோயாளிகள் வலிக்குச் சொல்கிற சொற்களைத் திரட்டி, 78 சொற்களை 20 கூட்டமாக வகுத்து, 1975இல் ஒரு வினாக்கொத்தாகவே ஆக்கினார். சொல்லில் அவ்வளவு விசயம் இருக்கிறது. ஆகவே பத்துக்கு எத்தனை நோவு என்று கேட்டால் எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டாம். "இடுப்பு உளையுது, கால் எரியுது" என்கிற மாதிரிப் பிரித்துச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தில் நீங்களே இரண்டையும் நோவு என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்!

ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். எவ்வளவு நேரம் இருந்தால் கூடுகிறது, என்ன செய்தால் குறைகிறது, இரவில் எத்தனை தடவை முழிப்பு வருகிறது, எந்த வேலையை விட்டுவிட்டீர்கள். கணவரையோ மகளையோ வெளியே நிற்க விடாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். டொக்டர் சொல்வதை அவர்களும் காதால் கேட்கட்டும். எனக்குக் கடைசியாகப் பார்த்த டொக்டர் பஞ்சுத் துணுக்கை எடுத்து என் விலாவில் மெல்ல இழுத்துப் பார்த்தார். நான் துள்ளிவிட்டேன். "ஓம், இது நரம்புதான்" என்றார். அதற்கு முன்னால் பார்த்தவர் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

டைக்ளோபெனாக்கைப் பற்றியும் கிளினிக் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வருடக்கணக்காகப் போட்டால் வயிற்றில் புண்ணாகலாம், சிறுநீரகம் பழுதாகலாம், பிரசர் ஏறலாம். எரிவாக வருகிற நரம்பு வலிக்கு அது பெரிதாக உதவுவதும் இல்லை. சலம் (சிறுநீர்) கட்டுப்படாமல் போவது, சலம் போகாமல் அடைப்பது, மலவாசலைச் சுற்றி மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் போவது, இதில் ஒன்று வந்தாலும் கிளினிக் நாள் வரைக்கும் இருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மெஷினை இப்போது விற்க வேண்டாம். நோவு குறைந்த நாளில் தேங்கின சட்டை எல்லாவற்றையும் ஒரே இருப்பில் தைத்து முடிப்பீர்கள், பிறகு மூன்று நாள் எழும்ப மாட்டீர்கள். அப்படித்தானே? நானும் வீட்டு வேலையில் அதையே செய்தேன். எத்தனை நிமிசத்தில் உளைவு தொடங்குகிறது என்று மணிக்கூட்டைப் பாருங்கள். 20 நிமிசம் என்றால் 15இல் எழும்பிவிடுங்கள். நல்ல நாளிலும் 15தான், கூடாத நாளிலும் முடிந்தால் அதே 15. முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து திரும்ப இருங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு நிமிசம், இரண்டு நிமிசம் கூட்டிப் பாருங்கள். வாடிக்கைக்காரரிடம் சட்டை ஒரு கிழமை பிந்தும் என்று இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

கிளினிக்குக்குப் போய் வந்ததும் டொக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அக்கா