எந்தக் குறையை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது? ஸோம்பாய்ட் கேள்வி பதில்

இந்த வாரக் கேள்விகள் அனைத்தும் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. எல்லாம் ஒரே கேமைப் பற்றியவை: புராஜெக்ட் ஸோம்பாய்ட். 1993 ஜூலையில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கொள்ளைநோய் பரவி, ஊரெல்லாம் ஸோம்பிகளாகிவிட்ட நேரத்தில், ஒரே ஒரு ஆளை நாம் உயிரோடு வைத்திருக்க வேண்டும். அந்த ஆளை உருவாக்கும்போதே அவருக்குச் சில குறைகளையும் நாமே தேர்ந்தெடுக்கிறோம். ஒவ்வொரு குறைக்கும் புள்ளி கிடைக்கும், அந்தப் புள்ளியில் நல்ல குணங்களை வாங்கலாம். கீழே சொல்லும் புள்ளிகள் கேமின் பில்ட் 41 என்ற பதிப்புக்கு உரியவை. பில்ட் 42-இல் பல எண்கள் மாறிவிட்டன. அதில் விளையாடுபவர்கள் திரையில் தெரியும் எண்ணையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பள்ளி விடுமுறையில் நானும் தம்பியும் விளையாடத் தொடங்கினோம். குறை எதுவும் இல்லாத ஆளை வைத்தே மூன்றாம் நாள் செத்துவிடுகிறோம். இதில் குறையை வேறு எடுத்தால் இன்னும் சீக்கிரம் சாகமாட்டோமா?
– தோட்டக் குடியிருப்பு, சுங்கை சிப்புட்

குறை எடுக்காத ஆளிடம் நிறையும் இருக்காது. அதுதான் சிக்கல். நல்ல குணம் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. அந்த விலைக்கான புள்ளி பெரும்பாலும் குறைகளிலிருந்துதான் வர வேண்டும். தொழிலும் கணக்கில் சேரும்: வேலையில்லாதவருக்கு 8 புள்ளி கூடுதலாகக் கிடைக்கும், போரிட்டு ஓய்ந்த வெட்டரன் 8 புள்ளியைத் தின்றுவிடுவார், தீயணைப்பு வீரருக்கும் மரவெட்டிக்கும் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. கடைசியில் மிச்சம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் ஆட்டம் தொடங்கும்.

எத்தனை புள்ளி தருகிறது என்று பார்த்துக் குறையை எடுக்காதீர்கள். அது எந்த நேரத்தில் நம்மைப் பிடிக்கும் என்று பாருங்கள். ‘ஹை தர்ஸ்ட்’ இருந்தால் தாகம் அதிகம். ஆனால் அது நம்மைத் தொல்லை செய்வது குழாயடியில். பாட்டிலை நிரப்பிவிட்டால் அடங்கிவிடும். ‘தின் ஸ்கின்ட்’ என்ற மெல்லிய தோல் வேலை செய்வதோ ஸோம்பியின் கை நம் மேல் பட்ட அந்த நொடியில். அப்போது நாம் செய்ய ஒன்றும் இருக்காது. முதல் வகையைத் தாராளமாக எடுக்கலாம். இரண்டாம் வகையை விட்டுவிடுங்கள்.

தொடக்கக்காரருக்கு ஒரு கணக்கு. தொழில் மரவெட்டி: 0. குறைகள்: ஹை தர்ஸ்ட் 6, ஓவர்வெயிட் 6, ஸ்மோக்கர் 4, வீக் ஸ்டமக் 3, ஷார்ட் சைட்டட் 2. மொத்தம் 21. இதில் தடித்த தோலுக்கு 8, கூர்மையான காதுக்கு 6, வலு கூட்டும் ‘ஸ்டவுட்’ குணத்துக்கு 6 கொடுத்தால் ஒரு புள்ளி மிஞ்சும். அது மிஞ்சியே இருக்கட்டும். மரவெட்டிக்குக் கோடாரிப் பழக்கம் முதலிலேயே உண்டு என்பதால் கோடாரி கிடைத்த நாளிலிருந்து நிலைமை மாறும்.

கூர்மையான காதுக்கு 6 புள்ளி அதிகம் என்று சிலர் தயங்குவார்கள். தயங்க வேண்டாம். புதியவர்கள் சாவது பெரும்பாலும் எதிரே வரும் கும்பலால் அல்ல, அலமாரியைத் துழாவிக்கொண்டிருக்கும்போது முதுகுப்பக்கம் வந்து நின்ற ஒற்றை ஸோம்பியால். பின்னால் வருவதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது இந்தக் காதுதான்.

எடுத்த குறைகளில் வயிற்றுக்குறை உங்களைத் தொடவே தொடாது, கெட்டுப்போனதையும் வேகாத இறைச்சியையும் தின்னாத வரை. கிட்டப்பார்வைக்கு மூக்குக்கண்ணாடி போட்டால் போதும். சண்டையில் அது கழன்று விழுந்துவிட்டதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாகக் குறையைப் பற்றிச் சொல்லுங்கள். தண்ணீர் நின்றுவிட்டால் என்ன செய்வது?
– பட்டணத்து வாசகி

நிற்கத்தான் போகிறது. வழக்கமான அமைப்பில் முதல் 30 நாளுக்குள் ஏதோ ஒரு நாளில் குழாய்த் தண்ணீரும், அதேபோல் வேறொரு நாளில் மின்சாரமும் நின்றுவிடும். எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதல் வீட்டுக்குள் நுழைந்ததும் கையில் கிடைக்கும் பாட்டில், சட்டி, வாளி எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிட வேண்டும்.

அதன்பின் மழைத்தண்ணீர்தான். லயத்து வீட்டில் தகரக்கூரையோரம் பீப்பாய் வைத்துப் பிடித்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேமில் தச்சுத் திறன் 4-ஐ எட்டியதும் பலகை 4, ஆணி 4, குப்பைப்பை 4 சேர்த்து ஒரு மழைப்பீப்பாய் செய்யலாம். பலரும் மறந்துவிடுவது குப்பைப்பையைத்தான். பார்த்த இடத்தில் எடுத்து வையுங்கள். பீப்பாய்த் தண்ணீரை அப்படியே குடித்தால் உடம்புக்கு ஆகாது, கொதிக்கவைக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, சமையலறைத் தொட்டிக்கு நேர் மேல் மாடியில் பீப்பாயை வைத்து, பைப் ரெஞ்சால் தொட்டியை அதனுடன் இணைத்துவிடுவது. அப்படிக் குழாய் வழியாக வரும் தண்ணீரைக் கொதிக்கவைக்காமலே குடிக்கலாம். இவ்வளவும் தாகம் உள்ளவரும் இல்லாதவரும் எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். அதனால்தான் அந்த 6 புள்ளி நல்ல பேரம்.

கேள்வி: ஸ்மோக்கர் குறை இனாமாக வரும் புள்ளி என்கிறார்களே, உண்மையா?

பில்ட் 41-இல் ஏறக்குறைய உண்மை. சிகரெட் இல்லாமல் நேரம் ஆக ஆக மன உளைச்சல் ஏறும். உளைச்சல் ஏறினால் அடியின் பலம் குறையும். ஒன்று புகைத்ததும் உளைச்சலோடு சோகமும் இறங்கும். இந்தக் குறை இல்லாதவர் புகைத்தால் குமட்டல்தான் மிச்சம். ஆக, சோகத்தைத் தீர்க்க மற்றவர்கள் புத்தகமும் இனிப்பும் தேடி அலையும்போது இவருக்குச் சட்டைப்பையிலேயே மருந்து இருக்கும்.

சிகரெட்டுக்குப் பஞ்சமில்லை, விழுந்த ஸோம்பிகளின் பைகளிலேயே கிடைக்கும். தீப்பெட்டியோ லைட்டரோ இல்லாமல் தவிப்பவர்கள்தான் அதிகம். லைட்டரும் தீர்ந்துபோகும் பொருள். இரண்டாவது ஒன்றை வீட்டிலும் இன்னொன்றைக் காரிலும் போட்டு வையுங்கள்.

கேள்வி: குண்டாக இருப்பது, ஒல்லியாக இருப்பது இரண்டுக்கும் 6 புள்ளிதான். எது நல்லது?
– பகுதிநேர வேலை செய்யும் மாணவர், சுங்கை சிப்புட்

ஓவர்வெயிட். இரண்டுமே நிரந்தரம் இல்லாத குறைகள். எடை மாறினால் குறையும் போய்விடும், வாங்கிய புள்ளியை யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். ஆனால் இந்த உலகத்தில் இளைப்பது சுலபம், பெருப்பது கடினம்.

ஓவர்வெயிட் ஆள் 95 கிலோவில் தொடங்குவார். 85-க்குக் கீழே இறங்கினால் குறை நீங்கும். செய்ய வேண்டியது, பசியை அடக்கும் ஆனால் கலோரி குறைந்த சாப்பாடு: முட்டைக்கோஸ், கீரை வகை, தக்காளி. வெண்ணெய், ஐஸ்கிரீம், நிலக்கடலை வெண்ணெய் பக்கம் போகாதீர்கள். பொட்டலத்தில் வரும் உணவின் சத்துக்கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதைப் படித்துவிட்டுச் சாப்பிடுங்கள். ஆளின் தகவல் பக்கத்தில் எடைக்கு அருகில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது கீழ்நோக்கி இருந்தால் சரியான பாதையில் போகிறீர்கள்.

சீக்கிரம் இளைக்கிறேன் என்று பட்டினி போடாதீர்கள். பசி முற்றினால் வலுவும் குறையும், புண்ணும் ஆறாது.

ஒல்லியான ஆள் 70 கிலோவில் தொடங்கி 75-ஐத் தாண்ட வேண்டும். முதல் இரண்டு வாரம் கடைகளில் கொழுப்புணவு கிடைக்கும்போதே தாண்டிவிட்டால் நல்லது. குளிர்பெட்டிகள் நின்றபின் காட்டுப்பழமும் காய்கறியும் மட்டுமே தின்று எடையைக் கூட்ட முயன்றால் எடை இன்னும் இறங்கும். 10 புள்ளி தரும் ‘ஒபீஸ்’ 105 கிலோவில் தொடங்குகிறது. ஓடினால் சீக்கிரம் களைத்துப்போகும் அந்த முதல் வாரங்களைத் தாண்டும் பொறுமை இருந்தால் மட்டும் எடுங்கள்.

கேள்வி: ‘தின் ஸ்கின்ட்’ 8 புள்ளி, ‘வீக்’ 10, ‘டெஃப்’ 12. ஒன்றை எடுத்தால் கணக்கு முடிந்துவிடுமே. ஏன் கூடாது?

தம்பி, அந்த எண் பெரிதாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

காயத்தின் கணக்கைப் பாருங்கள். ஸோம்பியின் கீறலில் நோய் தொற்ற 7 விழுக்காடு வாய்ப்பு. தோல் கிழிந்தால் 25. கடித்தால் 100, அதற்கு மருந்தே இல்லை. ஸோம்பியின் கை நம்மைத் தொடும் ஒவ்வொரு முறையும் அது காயமாகுமா ஆகாதா என்று கேம் கணக்குப் போடுகிறது. மெல்லிய தோல் அந்தக் கணக்கை ஒவ்வொரு தடவையும் நமக்கு எதிராகத் திருப்பும். 8 புள்ளியில் வாங்கும் எந்த நல்ல குணமும் இதை ஈடுகட்டாது. தடித்த தோலின் விலையும் அதே 8 என்பதைக் கவனியுங்கள்.

ஏற்கெனவே இந்தக் குறையுடன் ஓர் ஆளை வளர்த்துக்கொண்டிருந்தால் உடையில் ஈடுகட்டப் பாருங்கள். தோல் ஜாக்கெட், தடித்த கால்சட்டை, கையுறை போடுங்கள். ஊசி நூலுடன் தோல் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைக்கலாம். கழுத்தையும் கையையும் முதலில் மூடுங்கள். காயம் பட்டால் எச் பொத்தானை அழுத்தி உடல்நிலைப் பக்கத்தைத் திறந்து, எந்த இடம், என்ன வகை என்று படித்துப் பாருங்கள். கீறல் என்றிருந்தால் சுத்தம் செய்து கட்டுப்போட்டுவிட்டுக் காத்திருங்கள். சில மணி நேரத்தில் குமட்டல் சின்னம் வந்தால் உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். பிணக்குவியலுக்குப் பக்கத்தில் நின்றாலும், கெட்டதைத் தின்றாலும் அதே சின்னம் வரும். அங்கிருந்து விலகி, ஓய்வெடுத்தும் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனால்தான் அது தொற்று.

‘வீக்’ எடுத்தால் வலு 0-வில் தொடங்கும். சாதாரண ஆளுக்கு 5. அடியில் பலமில்லை, தள்ளிவிட்டாலும் ஸோம்பி சாயாது, பையும் தூக்க முடியாது. வலு ஏறுவதோ எல்லாத் திறன்களிலும் மெதுவான ஒன்று. காதே கேளாத ‘டெஃப்’ பழகிய கைக்குச் சவால்; புதியவருக்கு அது முதுகில் கண்ணைக் கட்டிவிட்டது போல.

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள் ஒன்றாக இணையத்தில் விளையாடப் போகிறோம். எல்லாரும் ஒரே குறைகளை எடுக்கலாமா?
– நால்வர், சுங்கை சிப்புட்

வேண்டாம், பிரித்துக்கொள்ளுங்கள். கூட்டாக விளையாடுவதில் பெரிய வசதியே அதுதான்.

முதலில் ஒரு வித்தியாசத்தை மனத்தில் வையுங்கள். தனியாக விளையாடும்போது நேரத்தை வேகமாக ஓட்டலாம். கூட்டாட்டத்தில் முடியாது. அதனால் தனியாட்டத்தில் ஒன்றுமே செய்யாத ‘ஸ்லோ ரீடர்’ இங்கே உங்கள் நிஜ நேரத்தைத் தின்னும். சாமான்களை மெதுவாகக் கைமாற்றும் ‘ஆல் தம்ஸ்’, புண் மெதுவாக ஆறும் ‘ஸ்லோ ஹீலர்’ இரண்டும் அப்படியே. எலும்பு முறிந்தவர் நாள்கணக்கில் வீட்டில் உட்கார, மற்ற மூவரும் அவருக்குச் சோறு சுமப்பீர்கள்.

சண்டைக்காரராக இருப்பவர் ‘இல்லிட்டரேட்’ எடுக்கலாம். படிக்கத் தெரியாததற்கு 8 புள்ளி. பில்ட் 41-இல் ஆயுதத் திறன்களுக்குத் திறன் புத்தகமே கிடையாது, ஆகவே அவர் இழப்பது மிகக் குறைவு. தச்சரோ சமையல்காரரோ அதே குறையை எடுத்தால் நடுத்தெருவில் நிற்பார்கள். அவர்களுக்கு ‘பேஸிஃபிஸ்ட்’ பொருந்தும்: ஆயுதப் பழக்கம் 25 விழுக்காடு மெதுவாக ஏறும், 4 புள்ளி கிடைக்கும். பையின் கொள்ளளவைக் குறைக்கும் ‘டிஸ்ஆர்கனைஸ்ட்’ வீட்டில் இருப்பவருக்கு. வெளியே போய்ச் சாமான் அள்ளுபவர் அதைத் தொடக்கூடாது.

ஒருவர் எலக்ட்ரீஷியனாக இருக்கட்டும். ஜெனரேட்டரை இணைக்க மற்றவர்கள் அதற்கான சஞ்சிகையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அவருக்கு அது தேவையில்லை. தூக்கம் சம்பந்தப்பட்ட குறைகள் உங்கள் பட்டியலில் தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். சர்வரில் தூக்கம் நிறுத்தப்பட்டிருந்தால் அவை மறைந்துவிடும்.

கேள்வி: பயம் சம்பந்தப்பட்ட குறைகள்?

‘கிளாஸ்ட்ரோஃபோபிக்’ வீட்டுக்குள் பதற்றம், ‘அகோரஃபோபிக்’ வெளியே பதற்றம், இரண்டுக்கும் 4. பதற்றம் கூடினால் பார்வை சுருங்கும், அடியும் குறியும் தளரும். சாமான் தேடுவது வீட்டுக்குள், சண்டை போடுவது பெரும்பாலும் வெளியே. எதை எடுத்தாலும் பாதி நாள் கெடும். பீட்டா பிளாக்கர் மாத்திரை பதற்றத்தைத் தணிக்கும், ஆனால் அதை நம்பி எடுக்காதீர்கள். வெட்டரனுக்குப் பதற்றமே வராது, இந்தக் குறைகளை அவரிடம் சேர்க்கவும் முடியாது. 8 புள்ளிக்கு அவர் தகுதியானவர்தான்.

கேள்வி: என் மகன் வயதில் சின்னவன். குறை கணக்கெல்லாம் இல்லாமல் விளையாட வழியுண்டா?
– ஒரு தாய்

உண்டு. ‘சாண்ட்பாக்ஸ்’ முறையில் தொடங்கினால் ஆளுக்கான அமைப்பில் இலவசப் புள்ளி எத்தனை என்று நீங்களே போடலாம். 10 அல்லது 15 போட்டுக் கொடுங்கள். அங்கேயே நோய்த்தொற்று பரவும் விதத்தையும் நிறுத்திவிடலாம், அப்போது ஒரு கடியோடு ஆட்டம் முடியாது. ஆனால் திரையில் இரத்தம் நிறைய வரும். வாங்கித் தருவதற்கு முன் அரைமணி நேரம் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.