இடமிருந்தும் ஏறாத கோப்பு: ஹார்ட் டிஸ்க் கேள்வி பதில்

கேள்வி: என் 500 ஜிபி வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் 200 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும், 6 ஜிபி வீடியோ ஒன்றை நகலெடுத்தால், கோப்பு மிகப் பெரியது என்று விண்டோஸ் மறுக்கிறது. டிஸ்க் பழுதாகிவிட்டதா?

பதில்: பழுது ஏதுமில்லை. உங்கள் டிஸ்க், கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் பழைய முறையான ஃபேட்32இல் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கிறது. அம்முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் நீளமுள்ள பதிவு ஒன்று உண்டு. பெயர், தேதி, கோப்பு தொடங்கும் இடம் ஆகியவை போக, கடைசி 4 பைட்டுகளே கோப்பின் அளவைக் குறிக்க ஒதுக்கப்பட்டுள்ளன. அந்த நான்கு பைட்டுகளில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295; அத்தனை பைட்டுகள் என்றால் விண்டோஸ் கணக்கில் ஏறக்குறைய 4 ஜிபி. அதற்கு மேல் ஒரு பைட் கூடினாலும் கோப்பின் அளவைக் குறித்துவைக்க வழியில்லை என்பதால், டிஸ்க்கில் எவ்வளவு காலியிடம் இருந்தாலும் பயனில்லை. 1996இல் இம்முறை விண்டோஸ் 95உடன் வந்தபோது, பல கணினிகளில் ஹார்ட் டிஸ்க் முழுவதுமே 4 ஜிபி இருக்கவில்லை; ஆகவே வடிவமைத்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: மேக்கில் 4.2 ஜிபி என்று காட்டிய கோப்பு, ஃபேட்32 பென்டிரைவில் தடையின்றி ஏறியது. எப்படி?

பதில்: மேக் நூறு கோடி பைட்டை ஒரு ஜிபி என்று கொள்கிறது, விண்டோஸோ 1,07,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. அதே கோப்பை விண்டோஸில் பார்த்தால் 3.91 ஜிபி என்றுதான் காட்டும். பைட் கணக்கைப் பாருங்கள், குழப்பம் தீரும்.

கேள்வி: உள்ளே இருப்பதை அழிக்காமல் ஃபேட்32 டிஸ்க்கை, அந்த 4 ஜிபி வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் முறைக்கு மாற்ற முடியுமா?

பதில்: முடியும். அதற்கென விண்டோஸிலேயே கன்வர்ட் என்ற கட்டளை இருக்கிறது. கட்டளைகளைத் தட்டச்சிடும் கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தை நிர்வாகி உரிமையுடன் திறந்து, முதலில் செக்டிஸ்க் என்ற கட்டளையைக் கொண்டு பிழைகளைச் சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு கன்வர்ட் என்று எழுதி, இடைவெளி விட்டு டிரைவ் எழுத்தையும் முக்காற்புள்ளியையும், மறுபடி இடைவெளி விட்டுச் சாய்கோடு, எஃப்எஸ், முக்காற்புள்ளி, என்டிஎஃப்எஸ் ஆகியவற்றை இடைவெளியின்றித் தொடர்ந்தும் எழுத வேண்டும். டிரைவுக்குப் பெயர் வைத்திருந்தால், தவறான டிரைவை மாற்றிவிடாதிருக்க அந்தப் பெயரைக் கேட்கும். புதிய அட்டவணைகளை எழுதச் சிறிது காலியிடமும் தேவை.

கோப்புகள் அழியாது என்பது உண்மையே. ஆனால் நடுவில் மின்சாரம் போனாலோ கேபிள் அசைந்தாலோ என்ன ஆகும் என்று நான் உறுதி தரமாட்டேன். மீண்டும் கிடைக்காத படங்கள் அதில் இருந்தால், வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்த பின்னரே தொடங்குங்கள். இன்னொன்று, இது ஒருவழிப்பாதை: என்டிஎஃப்எஸ்ஸிலிருந்து ஃபேட்32க்குத் திரும்ப இக்கட்டளையில் வழி கிடையாது.

கேள்வி: அப்படியே எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறைக்கு மாற்றலாமா? எது சிறந்தது?

பதில்: எக்ஸ்ஃபேட்டுக்குக் கன்வர்ட் உதவாது; எல்லாவற்றையும் வேறிடத்துக்கு நகலெடுத்து, ஃபார்மட் செய்து, திரும்பக் கொண்டுவர வேண்டும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் ஆகிய இரு முறைகளிலும் கோப்பின் அளவை எழுத 8 பைட்டுகள் இருப்பதால், 4 ஜிபி வரம்பு இரண்டிலும் இல்லை. விண்டோஸில் மட்டும் பயன்படும் டிஸ்க்குக்கு நான் என்டிஎஃப்எஸ்ஸையே சொல்வேன். செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் பழக்கம் அதற்கு உண்டு, ஆகவே திடீரென்று துண்டித்தாலும் அமைப்பு பெரும்பாலும் சிதைவதில்லை. எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆயினும் மேக் தானாக என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்குமே தவிர அதில் எழுதாது. மேக், விண்டோஸ் இரண்டிலும் மாறி மாறிச் செருகுவதானால் எக்ஸ்ஃபேட்தான் வசதி. லினக்ஸும் 2019 முதல் கெர்னல் எனும் தன் மைய மென்பொருளிலேயே எக்ஸ்ஃபேட்டை ஏற்கிறது. பாதுகாப்பாக நீக்கும் வசதியைப் பயன்படுத்தாமல் பிடுங்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: என்டிஎஃப்எஸ்ஸாக மாற்றிய பிறகு என் பழைய டிவி டிஸ்க்கைக் கண்டுகொள்வதே இல்லை. விண்டோஸின் ஃபார்மட் சாளரத்திலும் ஃபேட்32 என்ற தேர்வைக் காணோம்.

பதில்: ஃபேட்32 மட்டுமே அறிந்த டிவிகள் பல உண்டு. அந்தச் சாளரம் நெடுங்காலமாக 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட்32ஐத் தருவதில்லை. அது கருவியின் வரம்பே ஒழிய முறையின் வரம்பன்று. 512 பைட் செக்டார் (டிஸ்க்கின் மிகச் சிறிய சேமிப்புப் பகுதி) கொண்ட டிஸ்க்கில் ஃபேட்32 முறை 2 டிபி (டெராபைட்) வரை செல்லும். வேறு ஃபார்மட் மென்பொருளால் மாற்றலாம், ஆனால் உள்ளிருப்பவை அழியும். அதன்பின் பெரிய வீடியோவை எடிட்டிங் மென்பொருளில் வெட்டி, தனித்தனிக் கோப்புகளாகச் சேமியுங்கள். கோப்புகளைச் சுருக்கும் செவன்ஜிப் மென்பொருளில் பிரித்த துண்டுகளை டிவியால் இயக்க முடியாது.