அட்மின் பாஸ்வேர்டு இல்லாமல் நோமேட் நிறுவுவது எப்படி?

கேள்வி: பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.இ. படிக்கிறேன். கார் பருவத்தில் கன்னடியன் கால்வாய்க்கு எந்தப் பதினைந்து நாளில் எவ்வளவு தண்ணீர் விட்டால் கடைமடையில் பற்றாக்குறை குறையும் என்பதுதான் என் புராஜெக்ட். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆறு தவணை. கணக்குப் போடுவது எங்கள் துறையில் ரொம்ப நாளாக இருக்கும் ஒரு ஃபோர்ட்ரான் நிரல். ஒருமுறை ஓட நாலு நிமிஷம் ஆகும். அதை நோமேட் என்ற ஆப்டிமைசேஷன் மென்பொருள் வைத்து ஆப்டிமைஸ் பண்ணச் சொல்கிறார் கைடு. லேபில் உபுண்டு இருக்கிறது, அட்மின் பாஸ்வேர்டு தர மாட்டார்கள். பைத்தான் வழியாக நிறுவப் போனால் ஏதோ என்விரான்மென்ட் பிழை. சோர்ஸிலிருந்து கட்டப் போனால், கட்டுவதற்கு உதவும் சிமேக் என்ற கருவி பழசு என்கிறது. வீட்டு லேப்டாப்பில் எப்படியோ கட்டிவிட்டேன், ஆனால் ஓட்டினால் ஒரு புள்ளிக்குக்கூட (ஆறு தவணை அளவுகள் சேர்ந்தது ஒரு புள்ளி) சரியான விடை வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பாஸ்வேர்டு கேட்டு யாரிடமும் போக வேண்டாம். நோமேடை உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே முழுதாகக் கட்டிவிடலாம். கட்டுவது ஒருநாள் சாயங்காலத்து வேலை. லேப்டாப்பில் ஒரு புள்ளிகூட சரியாக வரவில்லை என்றீர்களே, பெரும்பாலும் அது நோமேடின் கோளாறு அல்ல. அதற்கும் உங்கள் ஃபோர்ட்ரானுக்கும் நடுவில் நீங்கள் எழுதிய சின்ன நிரலைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஒரு வார்த்தை. நோமேட் கனடாவின் மாண்ட்ரியாலில் ஜெராட் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் சி பிளஸ் பிளஸில் எழுதி வரும் திறமூல மென்பொருள். அதன் அடிப்படை, 2006இல் ஷார்ல் ஓதேயும் ஜான் டென்னிஸும் வெளியிட்ட மேட்ஸ் என்ற முறை. இறங்கு திசை காட்ட வகைக்கெழு கிடைக்காத இடத்தில், ஆற்றில் இறங்குகிறவர் காலால் தடவித் தடவி ஆழம் பார்ப்பதுபோல, இருக்கும் புள்ளியைச் சுற்றிச் சில புள்ளிகளைத் தொட்டுப் பார்க்கும். நல்லது கிடைத்தால் அங்கே நகரும், கிடைக்காவிட்டால் சுற்றளவைச் சுருக்கும். ஃபோர்ட்ரான் உள்ளே என்ன செய்கிறது என்பது அதற்குத் தேவையே இல்லை. எண்ணைக் கொடுத்தால் எண் வர வேண்டும், அவ்வளவுதான். மாறிகள் ஐம்பதுக்குள் இருந்தால் நன்றாக வேலை செய்யும், உங்களுக்கு ஆறுதான். ஒரு ஓட்டத்துக்கு நாலு நிமிஷம் ஆகிற கணக்குக்கு இதைத் தேர்ந்தெடுத்தது சரி. ஒரு நொடிக்குள் முடிகிற கணக்கு என்றால் பைத்தானின் சைப்பை நூலகத்தில் இருப்பதே போதும், இத்தனை பாடு வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

லேபில் வந்த பைத்தான் பிழை 'எக்ஸ்டெர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்பதாகத்தான் இருக்கும். உபுண்டுவின் புதிய பதிப்புகளில் சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் (பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) வைத்து எதையும் போட விடாது. அது பிழை இல்லை, பாதுகாப்பு. உங்கள் ஃபோல்டரில் ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (சிஸ்டத்தைத் தொடாத தனி பைத்தான் இடம்) உருவாக்கி, அதை ஆக்டிவேட் செய்துகொண்டு, உள்ளே என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பிழையோடு வரும் செய்தியில் 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று ஒரு குறுக்குவழியும் சொல்லியிருப்பார்கள். பத்துப் பேர் புழங்கும் லேப் கம்ப்யூட்டரில் அதைத் தொடாதீர்கள்.

இந்த என்விரான்மென்ட்டுக்குள்ளேயே சிமேக் பிரச்சினையும் தீர்ந்துவிடும். சிமேக்கை பிப் மூலமாகவே நிறுவலாம், புதிய பதிப்பு வரும், அட்மின் வேண்டியதில்லை. இது தெரியாமல்தான் பலர் சிமேக்கின் சோர்ஸையே இறக்கி, அதை முதலில் கட்டி, அதற்கே பாதி நாளைச் செலவழிக்கிறார்கள். கம்பைலர் மட்டும் சிஸ்டத்தில் இருக்க வேண்டும். ஜி பிளஸ் பிளஸ் இருக்கிறதா என்று டெர்மினலில் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அது ஒன்றுக்குத்தான் லேப் பொறுப்பாளரிடம் போக வேண்டியிருக்கும்.

அடுத்து, கட்டும் கட்டளைகள் மூன்று. முதலாவதில் சோர்ஸ் எங்கே, கட்டுவதை எங்கே போட வேண்டும் என்று சிமேக்குக்குச் சொல்கிறீர்கள். வழக்கமாக 'பில்ட்' ஃபோல்டருக்குள் 'ரிலீஸ்' என்று இருக்கும். இரண்டாவது, பில்ட். மூன்றாவது, இன்ஸ்டால். நிறையப் பேர் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். இன்ஸ்டால் என்ற பெயரைப் பார்த்ததும் சூடோ, அதாவது அட்மின் அனுமதி, கேட்கும் என்று பயம். கேட்காது. நோமேட் தன் கோப்புகளைச் சிஸ்டம் ஃபோல்டரில் போடாமல், அதே ரிலீஸ் ஃபோல்டருக்குள் பின், லிப், இன்க்ளூட் என்று பிரித்து வைத்துக்கொள்ளும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. இந்த மூன்றாவது கட்டளையை ஓட்டாமல் 'பின் ஃபோல்டரே இல்லையே' என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

பில்ட் நடுவில் 'கில்டு' என்று சொல்லி நின்றால் நினைவகம் பற்றவில்லை என்று அர்த்தம். ஒரே நேரத்தில் எட்டுக் கோப்பு கம்பைல் செய்யச் சொல்லியிருப்பீர்கள். பேரலல் எண்ணை ஒன்றோ இரண்டோ ஆக்குங்கள். மெதுவாக ஓடும், ஆனால் முடியும். பேரலலாக ஓட்ட உதவும் ஓப்பன்எம்பி கிடைக்கவில்லை என்று சொன்னால் சிமேக்கின் முதல் கட்டளையிலேயே அதை அணைத்துவிடலாம். ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் இது சாதாரணம், உபுண்டுவில் அபூர்வம். இன்னொன்று: கட்டி முடித்ததும் நோமேட் கோப்பை மட்டும் எடுத்து வேறு ஃபோல்டருக்கு நகர்த்தாதீர்கள். அதற்கு வேண்டிய லைப்ரரிகள் லிப் ஃபோல்டரில் இருக்கின்றன. பிரித்தால் 'ஷேர்டு லைப்ரரி திறக்க முடியவில்லை' என்று புலம்பும். இருக்கிற இடத்திலேயே விட்டு, பின் ஃபோல்டரை 'பாத்'தில் (டெர்மினல் கட்டளைகளைத் தேடும் ஃோல்டர்களின் பட்டியலில்) சேருங்கள்.

எக்ஸாம்பிள்ஸ் ஃபோல்டருக்குள் பேட்ச் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் ஒரு நோக்கம் மட்டும் கொண்ட எளிய கணக்கு ஒன்று உண்டு. முதலில் அதை ஓட்டுங்கள். ஓடினால் நோமேட் சரி, இனி வரும் தப்பெல்லாம் நம்முடையது என்று தெரிந்துகொள்ளலாம்.

இப்போது அந்த நடு நிரல். நோமேட் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தற்காலிகக் கோப்பில் ஆறு எண்களை எழுதி, அந்தக் கோப்பின் பெயரை உங்கள் நிரலுக்குக் கொடுக்கும். உங்கள் நிரல் அதைத் திறந்து, எண்களை ஃபோர்ட்ரானுக்கு வேண்டிய வடிவில் எழுதி, அதை ஓட்டி, விடையைத் திரையில் அச்சிட வேண்டும். விடை மட்டும்தான் வர வேண்டும். உங்கள் ஃபோர்ட்ரான் 'சிமுலேஷன் ஸ்டார்ட்டெட்' என்று ஒரு வரி அச்சிடுகிறதா? அது நோமேடுக்கு எண்ணாகத் தெரியாது, புள்ளி தோல்வி என்று தள்ளிவிடும். எல்லாப் புள்ளியும் தோற்பதற்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான். ஃபோர்ட்ரான் பேசுவதையெல்லாம் ஒரு லாக் கோப்புக்குத் திருப்பிவிடுங்கள்.

இரண்டாவது சந்தேகம், நிரலைக் கூப்பிடும் வரி. பிளாக் பாக்ஸ், அதாவது நோமேட் ஓட்ட வேண்டிய உங்கள் நடு நிரல், எது என்று பாராமீட்டர் கோப்பில் (நோமேடுக்கான அமைப்புகளை எழுதும் கோப்பில்) சொல்லும்போது, நோமேட் அதை அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரில் தேடும். பைத்தான் அங்கே இல்லையே. அதனால் பைத்தான் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு டாலர் குறி போட்டால், இது சிஸ்டத்தில் உள்ள கட்டளை என்று புரிந்துகொள்ளும். இந்த டாலரைப் போடாமல் நாள் கணக்கில் முட்டிக்கொள்பவர்கள் உண்டு.

அடுத்து, அணை மட்டம் பற்றிய நிபந்தனையை நோமேடுக்கு எப்படிச் சொல்வது என்று பார்ப்போம். உங்கள் கால்வாய்க்குத் தண்ணீர் தரும் பாபநாசம் அணையின் உயரம் 143 அடி. பருவத்தில் நீர்மட்டம் 40 அடிக்குக் கீழே போகக்கூடாது என்று வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். நோமேடுக்கு நிபந்தனை என்றால் பூஜ்யமோ அதற்குக் கீழோ வர வேண்டும். ஆகவே நாற்பதிலிருந்து பருவத்தின் மிகக் குறைந்த மட்டத்தைக் கழித்து அச்சிடுங்கள். மட்டம் 52 என்றால் விடை மைனஸ் 12, சரி. மட்டம் 35 என்றால் பிளஸ் 5, மீறல். முதலில் பற்றாக்குறை, அடுத்து இந்த எண், நடுவில் ஓர் இடைவெளி. பாராமீட்டர் கோப்பில் சொன்ன வரிசையும் அச்சிடும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். நோமேட் எப்போதும் குறைக்கத்தான் பார்க்கும். எதையாவது கூட்ட வேண்டுமென்றால் முன்னால் மைனஸ் போட்டுக் கொடுங்கள்.

இந்த நடு நிரலை நோமேட் இல்லாமல் கையால் ஓட்டிப் பாருங்கள். ஒரு டெக்ஸ்ட் கோப்பில் ஆறு எண் எழுதி, அதைக் கொடுத்து ஓட்டினால் திரையில் இரண்டு எண் மட்டும் வர வேண்டும். வேறு எழுத்து ஏதாவது வந்தால் அதைத் துரத்துங்கள். அதே எண்களை மறுபடி கொடுத்தால் அதே விடை வருகிறதா என்றும் பாருங்கள். மழையை ரேண்டமாக எடுக்கும் நிரல் என்றால் 'சீட்' என்ற தொடக்க எண்ணை நிலையாக வையுங்கள்.

பாராமீட்டர் கோப்பில் இரண்டு விஷயம் மட்டும் வலியுறுத்துகிறேன். எல்லைகளை (ஒவ்வொரு தவணைக்கும் மிகக் குறைந்த, மிக அதிக அளவை) கட்டாயம் கொடுங்கள். நோமேட் தன் முதல் அடியின் அளவை அந்த எல்லைகளைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறது. அப்புறம், கிரானுலாரிட்டி என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதில் 25 என்று வைத்தால் தண்ணீர் அளவு 300, 325, 350 கன அடி என்றுதான் போகும். 317.482 கன அடி என்று எந்த ஷட்டரும் திறக்கப் போவதில்லை. பதின்மத்துக்குப் பின்னால் ஓடி ஓட்டங்களை வீணாக்குவானேன்? தொடக்கப் புள்ளியாக, போன வருஷம் நிஜமாக விட்ட அளவுகளையே கொடுங்கள். அதைவிட எவ்வளவு மேல் என்று வைவாவில் சொல்லவும் வசதி.

300 ஓட்டம் என்றால் நாலு நிமிஷ வீதம் 20 மணி நேரம். நாலு கோரில் பேரலலாக ஓட்டினால் நல்லபடியாகப் போனால் ஐந்து மணி நேரத்தில் முடியலாம். ஆனால் அதற்கு முன் உங்கள் ஃபோர்ட்ரான் விடையை எந்தக் கோப்பில் எழுதுகிறது என்று பாருங்கள். எப்போதும் ஒரே பெயர் என்றால் நாலு ஓட்டமும் ஒன்றின் மேல் ஒன்று எழுதும். ஒரு புள்ளியின் விடை இன்னொரு புள்ளிக்குப் போகும், பிழைச் செய்தியும் வராது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனித் தற்காலிக ஃபோல்டர் உருவாக்கி அதற்குள் ஃபோர்ட்ரானை ஓட்டுங்கள்.

பைத்தான் இன்டர்ஃபேஸ் வேண்டுமென்றால் பைநோமேட் என்ற பெயரோடு பி பி ஓ என்ற மூன்றெழுத்தும் சேர்ந்த பேக்கேஜை பிப் வழியாகவே போடலாம், கட்ட வேண்டியதே இல்லை. ஃபோர்ட்ரானை நீங்கள் பைத்தானுக்குள்ளிருந்து கூப்பிட்டுக்கொள்ளலாம். உங்கள் நிலையில் நான் இதில் தொடங்கிப் பழகிக்கொண்டு, ராத்திரி முழுக்க ஓடும் ஓட்டத்துக்குக் கட்டிய நோமேடை வைத்துக்கொள்வேன். ஃபோர்ட்ரான் ஒரு புள்ளியில் செத்துப்போனாலும் அந்தப் புள்ளியை மட்டும் தோல்வி என்று குறித்துக்கொண்டு மேலே போகும்.

ஓட்டத்தை நிறுத்தி அப்புறம் தொடர்வதற்கும் வழி உண்டு. பாராமீட்டர் கோப்பில் கேஷ் கோப்பின் பெயர் ஒன்றைக் கொடுத்து வையுங்கள். ஓட்டிய புள்ளிகளும் விடைகளும் அதில் சேரும். அடுத்த தடவை அதே கேஷோடு தொடங்கினால், அதில் இருக்கும் புள்ளிக்கு மறுபடி நாலு நிமிஷம் செலவழிக்காது. நடுவில் தண்ணீர் அளவின் எல்லையை மாற்றினால் கேஷ் உதவும். ஃபோர்ட்ரானையே மாற்றினால் மட்டும் அந்தக் கோப்பை அழித்துவிட்டு ஓட்டுங்கள்.