கலைக் கல்லூரி மாணவர்களுக்குப் புற்றுநோயாளிகளுக்குத் துணையாக இருக்கப் பயிற்சி கொடுக்கலாமா? எப்படித் தொடங்குவது?

நீங்கள் கல்லூரியில் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) திட்ட அலுவலர், புற்றுநோய் விழிப்புணர்வுக்கு அக்டோபருக்குள் ஏதாவது செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தாராளமாகக் கொடுக்கலாம். மருத்துவம், நர்சிங் படிக்கிற பிள்ளைகள்தான் வேண்டும் என்றில்லை, பி.காம் படிக்கிறவனும் தமிழ் இலக்கியம் படிக்கிறவளும் போதும். ஆனால் பிங்க் ரிப்பன் குத்திப் பேரணி போய், பேனரோடு போட்டோ எடுத்து முடிக்கிற திட்டம் என்றால் நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்கு உதவாது.

இதில் எனக்கு இவ்வளவு அழுத்தம் வரக் காரணம் என் அக்கா. அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது கூடவே இருந்து பார்த்தவள் நான். கீமோ போட்டுக்கொண்டு வந்து படுத்தால் தண்ணீர்கூடத் தகரத்தை நக்கின மாதிரி இருக்கிறது என்பாள். அந்த நேரம் பார்த்துதான் சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வருவார்கள். வந்தவர்கள் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனால் பரவாயில்லையே. "எங்க நாத்தனாருக்கும் இதேதான், ஆறே மாசம்" என்று ஒருவர். முள்சீத்தாப்பழம் சாப்பிட்டால் கீமோவே வேண்டாம் என்று வாட்ஸப்பை நீட்டி இன்னொருவர். "முடிதானே, திரும்ப வளர்ந்துரும்" என்று எல்லோரும். யாரும் கெட்டவர்கள் இல்லை. பாசத்தில்தான் வந்தார்கள், அதில் இரண்டு பேர் ஆசிரியர்கள் வேறு. நோயாளி பக்கத்தில் எப்படி உட்காருவது என்று அவர்களுக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் உண்மையில் பிரயோஜனமாக இருந்தவன் எதிர்வீட்டுப் பையன், டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தான். நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டான். "அக்கா, ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கணுமா, நான் அந்தப் பக்கம்தான் போறேன்" என்பான். காப்பீட்டு அட்டைக்கு விஏஓவிடம் வருமானச் சான்று வாங்க அலைந்தது அவன்தான். மாணவர்களுக்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்று யோசித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவன்தான்.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே வந்து வலி நிவாரணம், ஆதரவு சிகிச்சை கொடுக்கிற செவிலியர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு சிஸ்டரைத்தான் நான் பாடம் நடத்துகிற கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பேசக் கூப்பிட்டோம். அவர் பிபிடி எதுவும் போடவில்லை. இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டு, ஒன்றில் தானே நோயாளியாக உட்கார்ந்து, ஒரு பையனைக் கூப்பிட்டார். அவன் உட்கார்ந்ததுமே "ஒண்ணும் ஆகாது ஆன்ட்டி, தைரியமா இருங்க" என்றான். "ஒண்ணும் ஆகாதுன்னு உனக்கு யாரு தம்பி சொன்னா? டாக்டரே சொல்லலையே" என்றார். பையன் முழித்தான். அடுத்து வந்த பெண் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து "ராத்திரி தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டாள். சிஸ்டர் எங்கள் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணை நாளைக்கே ஒரு வீட்டுக்கு அனுப்பலாம்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார், இது நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். பாதி வீடுகளில் நோயாளிக்கே நோய் தெரியாது. 'அம்மாகிட்ட அல்சர்னு சொல்லியிருக்கோம்' என்பார்கள். அந்த வீட்டுக்குள் நுழைகிற மாணவன் வாய் தவறிக் கேன்சர் என்று சொல்லிவிட்டால் குடும்பமே நம்மைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடும். அதனால் வாசலிலேயே வீட்டாரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்காக நோயாளி நேராகக் கேட்கும்போது பொய் சொல்லவும் கூடாது. "இதை டாக்டர்கிட்ட கேக்கணும்னு நினைக்கிறீங்களாம்மா, நான் எழுதித் தரட்டுமா?" என்றால் போதும்.

மற்றதெல்லாம் வேலை சார்ந்தது, பிள்ளைகள் டக்கென்று பிடித்துக்கொள்வார்கள். கீமோ போட்டவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரம், சின்னத் தொற்றே ஆளைச் சாய்த்துவிடும். சளி பிடித்த மாணவன் அன்றைக்கு அந்த வீட்டுப் பக்கமே போகக் கூடாது. ரயிலில் சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் இல்லை, கூடப் போகிறவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனை கொடுக்கிற சான்றிதழ் வேண்டும். இது தெரியாமல் முழுக் காசு கொடுத்துச் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய் வருகிற குடும்பங்கள் எத்தனையோ. அப்புறம் ரத்தத் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட். அவற்றை 5 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதனால் போன மாதம் நாம் முகாம் நடத்தியது இன்றைக்கு லுகேமியா என்கிற ரத்தப் புற்றுநோயோடு படுத்திருக்கும் குழந்தைக்கு உதவாது. கூப்பிட்டால் கிளம்பி வருகிற ஆட்களின் பட்டியல், குரூப் வாரியாக, ஒரு மாணவர் கையில் எப்போதும் இருக்க வேண்டும். வீட்டுக்குப் போன போட்டோவை ஸ்டேட்டஸில் வைப்பவரை அன்றே நிறுத்திவிடுங்கள், இதில் இரக்கம் பார்க்காதீர்கள்.

இதெல்லாம் டாக்டர், நர்ஸ் வேலை, சின்னப் பிள்ளைகள் மனசைக் கெடுக்கலாமா என்று கீழே கமென்ட்டில் யாராவது வருவீர்கள். ஊசி போடவோ மருந்து சொல்லவோ யாரும் அனுப்பவில்லை. கேரளாவில் போய்ப் பாருங்கள். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஆரம்பித்த வலி நிவாரண இயக்கம் தன்னார்வலர்களை நம்பித்தான் ஊர் ஊராகப் பரவியது, கல்லூரி மாணவர்களும் அதில் இருக்கிறார்கள். 2008-இல் அந்த மாநில அரசு இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. நம் என்எஸ்எஸ் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு 120 மணி நேரம் கணக்கு இருக்கிறது, அதில் பாதி கல்லூரி வளாகத்தில் புல் பிடுங்குவதில் போகிறது. மனசு கெடாமல் பார்த்துக்கொள்வதும் நம் வேலைதான். ஒவ்வொரு முறை போய் வந்ததும் அவர்களை உட்காரவைத்துப் பேசவிட வேண்டும். சொந்த வீட்டில் புற்றுநோய் இருக்கும் பிள்ளையை இன்னொரு வீட்டுக்கு அனுப்பவே கூடாது, அதுவாகக் கேட்டாலொழிய.

அப்படி ஒரு பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கும். என் வகுப்பில் ஒரு மாணவி அம்மாவோடு ரேடியேஷனுக்கு அலைந்து வருகைப்பதிவு குறைந்து போனாள். மருத்துவமனைக் காகிதத்தையெல்லாம் காட்டியும், அதெல்லாம் உன் அம்மாவுக்கு, உனக்கு என்ன நோய் என்று கேட்டு அபராதம் கட்டச் சொன்னார்கள். புற்றுநோய் விழிப்புணர்வுப் பேரணிக்குக் கொடியசைத்த அதே அலுவலகம்தான். நான் போய்ப் பேசினால் கௌரவ விரிவுரையாளர் பேச்சு எங்கே எடுபடும்?

நீங்கள் தொடங்குவதென்றால் ஜூலையில் தொடங்குங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மாணவர்களைப் போடுங்கள், ஒருவர் தேர்வுக்குப் படிக்கிற வாரம் மற்றவர் போகட்டும். செமஸ்டர் வந்துவிட்டது என்று பிள்ளைகள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால், 'அந்தப் புள்ள ஏன் வரல, நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனா' என்று நோயாளிகள் வீட்டாரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.