கிரகம் தயார், கதை எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கல்லூரி நாளிலிருந்தே அறிவியல் புனைகதை, ஃபேன்டஸி என்றால் தூக்கத்தை மறந்து படிப்பவன். இப்போது நானும் எழுதிப் பார்க்கிறேன், பொழுதுபோக்காகத்தான், பெயர் வாங்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. இரண்டு சூரியன்கள் உள்ள ஒரு கிரகம், அதில் மூன்று அரச வம்சங்கள், அவர்களுடைய மொழி, நாட்காட்டி, வரைபடம் எல்லாம் நோட்டு நோட்டாக எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் கதை என்று உட்கார்ந்தால் இரண்டு பக்கத்தைத் தாண்டுவதில்லை. இயற்பியல் ஒழுங்காகப் படிக்காமல் இதில் இறங்கிவிட்டேனோ என்று சந்தேகம். மற்றவர்கள் சாயல் ஒட்டிக்கொள்ளும் என்று படிப்பதையும் குறைத்துவிட்டேன். நண்பர் ஒருவர், ‘இதெல்லாம் எதற்கு, நம்மைச் சுற்றி நடப்பதை எழுதலாமே’ என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

முதலில், படிப்பதை மறுபடி ஆரம்பியுங்கள். சாயல் ஒட்டத்தான் செய்யும். ஒருவரையே திரும்பத் திரும்பப் படிப்பவருக்குத்தான் அது பிரச்சினை, பலரைப் படிப்பவரிடம் எது யாருடைய சாயல் என்றே பிரிக்க முடியாதபடி கலந்துவிடும். படிக்காமல் இருப்பதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. உலகம் அழிகிறது, ஒரு ஆணும் பெண்ணும் மட்டும் தப்புகிறார்கள், கடைசி வரியில் பார்த்தால் அவர்கள் பெயர் ஆதாம், ஏவாள். பத்திரிகை ஆசிரியர்கள் பல பத்தாண்டுகளாகப் பார்த்துச் சலித்துப்போன முடிவு இது. இன்றும் யாரோ ஒருவர் அதைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நம்பி எழுதிக்கொண்டிருப்பார், நிச்சயம் அவர் இந்த வகையில் அதிகம் படிக்காதவராகத்தான் இருப்பார்.

சரி, உங்கள் கிரகத்துக்கு வருவோம். மூன்று வம்சங்களும் மொழியும் எனக்கு அவ்வளவாகச் சுவாரசியம் தரவில்லை, மன்னியுங்கள், அந்த மாதிரி வம்சங்களை நிறையப் பார்த்தாயிற்று. இரண்டு சூரியன்கள் என்றதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்படி நிஜமாகவே இருக்கிறது தெரியுமா? 2011-ல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-16பி என்ற கோள் இரண்டு நட்சத்திரங்களைச் சுற்றி வருகிறது. அந்த இரண்டு நட்சத்திரங்களும் சுமார் 41 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன, அவற்றில் ஒன்று மற்றதைவிட மிகவும் மங்கல். கோள் கிட்டத்தட்ட சனி அளவு, நிற்கத் தரை கிடையாது, ஆனால் அதற்கு ஒரு நிலவைக் கற்பனை செய்து அதில் ஆட்களைக் குடியேற்ற உங்களை யார் தடுக்கப்போகிறார்கள்?

இப்போது அந்த நிலவில் ஒரு சாயங்காலத்தை யோசியுங்கள். ஒரு சூரியன் மறைந்துவிட்டது, மற்றது இன்னும் மேலே இருக்கிறது. வேலை நேரம் எப்போது முடிகிறது, முதலாவது மறையும்போதா, இரண்டாவது மறையும்போதா? முதலாளி ஒன்று சொல்வார், கூலிக்கு வந்தவர் வேறொன்று சொல்வார். அதோடு, நட்சத்திரங்கள் தங்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பதால் இரண்டு மறைவுக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடும், குறையும், சில நாள் இரண்டும் சேர்ந்தே மறையும். மங்கலான சூரியன் மட்டும் மிச்சமிருக்கும் அந்தச் சிவந்த வெளிச்சத்தில் செய்த வேலைக்கு முழுக் கூலியா, பாதியா? ஓவர்டைமா? நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். அந்த ஊர்க் கூலிப் பதிவேட்டை எழுதுகிற ஒருவனை, அதில் ஒரு வரியைத் திருத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து நெருக்குகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அந்த மனிதனை எந்த இயற்பியல் பேராசிரியரையும்விட நீங்கள் நன்றாக எழுதுவீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் நோட்டுகளில் இல்லாதது இதுதான். மாற்றிய உலகம் ஒரு ஆளுடைய கூலியையோ தூக்கத்தையோ கல்யாணத்தையோ தொட்டிருக்க வேண்டும், தொடாதவரை அது வெறும் தகவல், எத்தனை பக்கம் நிரப்பினாலும் நகராது. ஃபேன்டஸிக்கும் இதே கதைதான். கையால் தொட்டு நோயைக் குணமாக்கும் ஒருத்தி இருக்கிறாள் என்றால், மந்திரம் எந்த யுகத்தில் யார் கொடுத்தது என்று எனக்குச் சொல்ல வேண்டாம், அவள் வீட்டு வாசலில் நிற்கும் வரிசையை யார் ஒழுங்குபடுத்துகிறார்கள், முதலில் உள்ளே போக யார் காசு வாங்குகிறார்கள், அவளுக்கே காய்ச்சல் வந்தால் என்ன ஆகும், அதைச் சொல்லுங்கள்.

இயற்பியல் பற்றிய பயம் வேண்டாம். ஒரு கதைக்கு ஒரு எண் போதும், அதை விடாமல் கடைசிவரை பிழிந்தெடுக்க வேண்டும். பூமியிலிருந்து கிளம்பும் ஒரு செய்தி செவ்வாய்க்குப் போய்ச் சேர, இரண்டும் இருக்கும் தூரத்தைப் பொறுத்து, சுமார் 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். அம்மா இங்கே, மகள் அங்கே, இருவருக்கும் சண்டை. மகள் கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டாள், அது போய்க்கொண்டிருக்கிறது, ஐந்தாவது நிமிடத்தில் மனசு மாறி மன்னிப்பும் அனுப்பிவிட்டாள், ஆனால் அம்மாவிடம் முதலில் போய்ச் சேர்வது கோபம்தான். முந்திப் போய்த் தடுக்க வழியே இல்லை, ஒளியைவிட வேகமாக எதுவும் போகாது. இந்தக் கதைக்குச் சமன்பாடு எதற்கு?

தப்பு வந்தால்? வரட்டும். ஆண்டி வியரின் ‘தி மார்ஷியன்’ நாவல் செவ்வாயில் ராக்கெட்டையே சாய்க்கப் பார்க்கும் ஒரு பெரிய புழுதிப் புயலோடு தொடங்குகிறது. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் ஒரு சதவீதம்கூட இல்லை, அப்படிப்பட்ட காற்று எவ்வளவு வேகமாக அடித்தாலும் ராக்கெட்டைச் சாய்க்கும் பலம் அதற்கு இருக்காது. இது அவருக்குத் தெரிந்தேதான் செய்தார், கதாநாயகன் அங்கே தனியாகச் சிக்க வேண்டுமே. மற்ற இடங்களில் கணக்குப் போட்டுப் போட்டு எழுதியவர் என்பதால் வாசகர்களும் அந்த ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள். இன்னொன்று, அவர் மென்பொருள் எழுதும் வேலை பார்த்தவர், அந்த நாவலை அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகத் தன் தளத்தில் போட்டார், விஷயம் தெரிந்த வாசகர்கள் பிழைகளைச் சொல்லச் சொல்லத் திருத்திக்கொண்டார். பொழுதுபோக்காக எழுதுபவருக்கு இந்த வசதி இருக்கிறது, கெடுவும் கிடையாது, ‘இன்னும் ஒரு பாகம் எழுதுங்கள்’ என்று நச்சரிக்கும் பதிப்பாளரும் கிடையாது.

அப்புறம் உங்கள் நண்பர் சொன்னது. கூலித் தகராறு நம்மைச் சுற்றி நடப்பதுதானே? வழக்கமான கதையில் அதைப் படிக்கும்போது வாசகர் யார் பக்கம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வருவார். சிவந்த வெளிச்சத்தில் செய்த வேலைக்கு எது நியாயமான கூலி என்று அவருக்குப் பழக்கமான பதில் எதுவும் கையில் இல்லை, முதலிலிருந்து யோசித்தாக வேண்டும். நான் இந்த வகைக் கதைகளை விடாமல் படிப்பதற்கு ராக்கெட்டுகளைவிட இதுதான் காரணம். (ராக்கெட்டும் பிடிக்கும், அது வேறு விஷயம்.)

ஆகவே நோட்டுகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, ஒரு ஆள், ஒரு நாள், ஐந்தாறு பக்கம் என்று முயன்று பாருங்கள். எதையும் விளக்க நிற்காதீர்கள், இந்த வகை வாசகர்கள் புரியாத ஒன்றை நாலு பக்கம் கையில் பிடித்துக்கொண்டு வரத் தயங்க மாட்டார்கள், சொல்லப்போனால் அது அவர்களுக்குப் பிடிக்கும். எங்கே வெளியிடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் இப்போது சொல்லப்போவதில்லை. மூன்று நான்கு கதைகள் முடியட்டும், பிறகு எழுதுங்கள், பேசுவோம்.