‘எடுத்துப் பார்த்தேன்’

அன்புள்ள ஐயா,

என் பதின்மூன்று வயது மகள் மெக் காபட்டின் ‘பிரின்சஸ் டைரிஸ்’ நாவல்களிலேயே மூழ்கிக் கிடக்கிறாள். அதைப் பார்த்து இப்போது தானும் டைரி எழுதுகிறாள். எடுத்துப் பார்த்தேன்; வெறும் பள்ளிக்கூடப் புலம்பல். இந்த இளவரசிக் கனவு அவளைக் கெடுத்துவிடாதா? நல்ல இலக்கியத்தின் பக்கம் அவளை எப்படித் திருப்புவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இளவரசிக் கனவு என்கிறீர்கள். நாவலின் அட்டையோடு நின்றுவிட்டீர்கள் என்று தெரிகிறது. 2000இல் வந்த முதல் நாவலில், நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் ஓவியரான தாயோடு வாழும் மியாவுக்குத் தான் ஜெனோவியா என்னும் கற்பனைக் குறுநாட்டின் வாரிசு என்பது தெரியவருவதே தந்தைக்கு வந்த புற்றுநோயால்தான். இனி அவருக்கு வேறு குழந்தை பிறக்காது என்றான பிறகே உண்மையைச் சொல்கிறார்கள். அவள் துள்ளிக் குதிப்பதில்லை. கிரீடம் அவளுக்குப் பாட்டி சுமத்தும் இன்னொரு வீட்டுப்பாடம். அல்ஜீப்ராவில் தோற்றுக்கொண்டிருப்பவளுக்கு, அந்தப் பாடத்தின் ஆசிரியரே தாயின் காதலராக வீட்டுக்கு வந்து நிற்பது அரசுரிமைக்குச் சற்றும் குறையாத இடி. தன் தந்தை இறந்த பின் தாய் தன் ஆசிரியர்களில் ஒருவரோடு பழகத் தொடங்கியதே இந்நாவலுக்கு வித்து என்று காபட்டே சொல்லியிருக்கிறார். 2001இல் வந்த திரைப்படமோ தந்தையை இறந்தவராக்கி, கதையைச் சான்பிரான்சிஸ்கோவுக்கு நகர்த்தியது. அதை மட்டும் பார்த்துவிட்டு நாவலை எடைபோடாதீர்கள்.

இலக்கியத்தின் பக்கம் திருப்புவதெல்லாம் பிறகு. ‘எடுத்துப் பார்த்தேன்’ என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! மியாவுக்கு டைரி எழுத நோட்டை வாங்கித் தருவதே அவள் தாய்தான். மனத்தில் இருப்பதைத் தன்னிடம் சொல்லாத பெண் எழுதவாவது செய்யட்டும் என்று. அவளும் அல்ஜீப்ரா வகுப்பில், ஓட்டல் கழிவறையில், மிருகக்காட்சிசாலையின் பென்குவின் கூடத்தில் என்று ஒதுங்க இடம் கிடைத்த இடமெல்லாம் எழுதுகிறாள். நீங்கள் புலம்பல் என்று ஒதுக்குவது உங்கள் மகள் ஒதுங்கிய அப்படியோர் இடத்தைத்தான்.

ஒன்பதாம் வகுப்பில், கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் நான் எழுதிவந்ததை என் தந்தை ஒருநாள் படித்துவிட்டார். கோபிக்கவில்லை, கேலி செய்யவுமில்லை. சிவப்பு மையால் ஒற்றுப்பிழைகளைத் திருத்தி, நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். திருத்தங்கள் அனைத்தும் சரியானவை. அன்பால்தான் செய்தார் என்பதும் எனக்குத் தெரியும். அதன்பின் பதினோரு ஆண்டுகள் எனக்கென்று ஒரு வரிகூட எழுத என் கை வரவில்லை.

நோட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, படித்துவிட்டேன் என்பதை மகளிடம் நீங்களே சொல்லுங்கள். ஒரு வாரம் அவள் உங்களோடு பேசமாட்டாள், பொறுத்துக்கொள்ளுங்கள். பேசத் தொடங்கியதும் முதல் நாவலை வாங்கிப் படியுங்கள். அதையாவது அவளிடம் கேட்டு வாங்குங்கள்.